என் மனைவியின் துவக்கு

செப்டம்பர் பிறந்தால் எங்கள் வீட்டில் ஒருவராலும் ஓரிடத்தில் இருக்க முடியாது. மனைவி வேலை முடிந்து வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் பல்கனிக்குப் போய் எதிர்மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். மூடுபனி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது, காற்று எந்தப் பக்கம் என்று தனக்குள்ளேயே முணுமுணுப்பாள். மகளுக்குப் பள்ளிக்கூடப் பரீட்சையும் மலைக்குப் போகும் ஆசையும் ஒன்றோடொன்று முட்டும். நான் சமையலறையில் நின்று எதையாவது நறுக்கிக்கொண்டிருப்பேன். நறுக்கத் தேவையில்லாததையும் நறுக்குவேன்.

என் மனைவி வேட்டைக்காரி. சுவிஸில் கூர் நகரத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ். ஆறு வயதில் தாய் தகப்பனோடு இந்த நாட்டுக்கு வந்து, மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் படித்து, அந்தக் கிராமத்து டொச்சை, அதாவது ஜெர்மன் மொழியை, அந்த ஊர்க்காரர்களைப் போலவே கதைப்பாள். நான் இருபத்தெட்டு வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். ஹோட்டல்களில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தின் சமையற்கட்டில் நிற்கிறேன். எனக்கு மலை என்பது பஸ் யன்னலால் பார்ப்பது. அவளுக்கு அது ஏறுவதற்கு.

அவளை வேட்டைக்கு இழுத்தது அவளோடு ஒரே வார்டில் வேலை செய்த ஒரு மூத்த நேர்ஸ். அந்த அம்மாவின் கணவர் தச்சர். எழுபதைத் தாண்டியவர், ஐம்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். பிள்ளைகள் இல்லாத அந்த இருவரும் என் மனைவியைத் தங்கள் மலைக்குடிலுக்குக் கூட்டிப்போனார்கள். முதலில் நடக்க, பிறகு பார்க்க, பிறகு படிக்க. இரண்டு குளிர்காலம் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையில் மான்களின் பற்களையும் ஆடுகளின் கொம்புகளையும் படங்களில் வைத்துப் பாடமாக்கினாள். கோடையில், பயிற்சியின் ஒரு பகுதியாக, காட்டுப் புல்வெளிகளில் பற்றை வெட்டினாள். வேட்டை உரிமத்துக்கான சோதனையில் முதல் தரமே பாஸ்.

கோயிலில் ஒரு அக்கா என்னிடம் நேராகவே கேட்டார்.

"தம்பி, நோயாளியளைப் பாக்கிற பிள்ளை மானைச் சுடுறதோ? நீர் ஒண்டும் சொல்லுறேல்லையோ?"

"அவ சுடுறா, நான் சமைக்கிறன் அக்கா" என்றேன். சிரிப்பதற்காகச் சொன்னது. அவர் சிரிக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்த நாட்டில் துவக்கு வைத்திருக்கவோ சுடவோ கூடாது. வேறு சில நாட்டுக்காரர்களுக்கும் அதே சட்டம். என் மனைவிக்குச் சின்ன வயதிலேயே சுவிஸ் பாஸ், அதாவது குடியுரிமை, கிடைத்துவிட்டது. நான் அப்போதும் சீ-பெர்மிட் என்ற வதிவிட அனுமதியில் இருந்தேன். பாஸுக்கு எழுதிப்போட்டுவிட்டுக் காத்திருந்த காலம் அது. அதனால் அவள் துவக்கு வாங்கியபோது, அதைப் பூட்டி வைக்கும் இரும்பு அலுமாரியின் திறப்பு என் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டியிருந்தது. எங்கே வைக்கிறாள் என்று நான் கேட்கவில்லை, அவள் சொல்லவும் இல்லை. ஒரே கட்டிலில் படுக்கிற இரண்டு பேருக்கு நடுவே ஒரு திறப்பு.

எனக்கு அது குறையாகப் படவில்லை. நான் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன், எனக்கு உந்தச் சாமானைத் தொடத் தேவையில்லை என்று. வாலிப வயதில் சைக்கிளை உருட்டிக்கொண்டு, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு, காவலரண்களைக் கடந்து போனவன் நான். துவக்கின் பின்பக்கம் எப்படியிருக்கும் என்று பார்க்க எனக்கு ஒருபோதும் ஆசை வந்ததில்லை. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவள் துவக்கைத் துப்பரவாக்கும் நாட்களில் நான் பல்கனிக்குப் போய்விடுவேன். ஆனாலும் வீடு சின்னது, எல்லாம் கண்ணில் படும். மேசையில் பழைய பேப்பர் விரிப்பாள். குழாய்க்குள் கம்பியை விட்டுக் கறுப்பு ஊத்தையை இழுப்பாள், வெள்ளைத் துணி வெள்ளையாகவே வெளியில் வரும்வரை. எண்ணெய் மணமும் என் கறி மணமும் கலந்துவிடும். கடைசியில், துவக்கின் மேலிருக்கும் தொலைநோக்கியைப் பிடித்திருக்கும் ஆணிகளைச் சின்ன முறுக்கியால் இறுக்குவாள். போதிய இறுக்கம் வந்து அது 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டதும் நிறுத்திவிடுவாள். பிறகு தன் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஆணியிலும் அதைச் சுற்றியுள்ள இரும்பிலுமாக ஒரே கோடு கீறுவாள். ஆணி இளகினால் கோடு பிசகும், உடனே தெரியும். கலியாண வீடுகளுக்குப் பூசவென்று மகள் வைத்திருந்த நகப்பூச்சும் அதற்கே தீர்ந்துபோனது.

அந்த வருடம் மனைவி வேட்டைக்கென்று லீவு எடுத்துக்கொண்டு முன்னமே குடிலுக்குப் போயிருந்தாள். நானும் மகளும் வெள்ளிக்கிழமை பின்னேரம் அரிசி, பருப்பு, கறித்தூளோடு ஏறினோம். மகளுக்கு அப்போது பதின்மூன்று வயது. குடில் ஒரு சரிவின் ஓரத்தில் இருந்தது. கீழே ஒரு அறை, அடுப்பு, மேலே படுக்கிற தட்டு. வாசலில் கல்லுப்படி, அதன் பக்கத்தில் இருப்பதற்கு ஒரு மர வாங்கு. வாசலுக்கு உள்பக்கம் துவக்குகளைக் கொளுவ இரண்டு கொளுக்கி. அங்கே அந்தத் தச்சக் கிழவர், அவருடைய மனைவி, நாங்கள் மூவர். அவ்வளவுதான். அந்த அம்மா என் பருப்புக்கறிக்கு அடிமை. கிழவர் மட்டும் ஒவ்வொரு தரமும் உறைப்பில்லை உறைப்பில்லை என்று சொல்லிக்கொண்டே கண்ணீர் வடிப்பார்.

சனிக்கிழமை விடிய என் மனைவியும் கிழவரும் போய், ஒன்றும் கிடைக்காமல் பதினொரு மணிக்குத் திரும்பினார்கள். மனைவி துவக்கைக் கொளுக்கியில் மாட்டி, அதன் பின்பக்கத்து இரும்புத் தண்டைக் கழற்றித் தன் ருக்சாக் முதுகுப்பையில் வைத்துவிட்டு மேலே போய்ப் படுத்தாள். அந்தத் தண்டு இல்லாமல் துவக்கு வெறும் குழாய், சுடாது. கிழவர் ஊற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனார். அவருடைய மனைவியும் என் மகளும் பழம் பிடுங்கப் போனார்கள். தூரக்கண்ணாடி அவர்களோடு போய்விட்டது.

நான் வாசலில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். எதிர்ச் சரிவில், கற்களுக்கு நடுவே, ஏதோ எழும்பி எழும்பி நின்றது. மலை அணிலோ, முயலோ, தெரியவில்லை. கண்ணைச் சுருக்கிப் பார்த்தேன். எழுந்து நின்று பார்த்தேன். பிறகு என்னவோ, உள்ளே போய் அந்தத் துவக்கைக் கொளுக்கியிலிருந்து எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று பிறகு எத்தனையோ தரம் என்னையே கேட்டிருக்கிறேன். பார்க்கிறதற்குத்தான். அதற்குமேல் பெரிய காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. அது நான் நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. மரம் வழுவழுவென்று, கன்னத்துக்குக் குளிராக இருந்தது. வாங்கின் முதுகில் சாய்த்துக் கண்ணை வைத்தேன். முதலில் கறுப்பு, பிறகு சட்டென்று எதிர்மலை என் மூக்கடிக்கு வந்தது. மர்மொட் என்கிற கொழுத்த மலை அணில் இரண்டு. ஒன்று பின்னங்காலில் நின்று வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அப்போது ஊற்றுப் பக்கமிருந்து வாளிச் சத்தம் கேட்டது. கிழவர் வருகிறார். நான் பதறிப்போய்த் துவக்கைச் சுவரில் சாய்த்துவிட்டு, கைத்துடைப்பானைத் தேடித் திரும்பினேன். துவக்கு சரிந்தது. தொலைநோக்கி கல்லுப்படியின் விளிம்பில் போய் அடித்தது. பெரிய சத்தம் இல்லை. ஒரு சட்டி மூடி விழுந்தது போல.

எடுத்துப் பார்த்தேன். கண்ணாடி உடையவில்லை, கீறல் இல்லை. சிவப்புக் கோடுகளைப் பார்த்தேன். ஒன்றும் பிசகவில்லை. அந்தக் கோடுகள் என்னைக் காப்பாற்றிவிட்டன என்று நினைத்தேன். கொளுக்கிவரை போக நேரமில்லை. துவக்கை வாங்கிலேயே கிடத்திவிட்டு உருளைக்கிழங்குக்கு முன்னால் போய் இருந்தேன். கிழவர் வந்தார், தண்ணீரை வைத்தார், வாங்கில் கிடந்த துவக்கைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய்க் கொளுக்கியில் மாட்டினார்.

மூன்று மணிக்கு மனைவி இறங்கி வந்தாள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவள் நின்றபடியே குடித்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று ஒன்று உள்ளே இடித்துக்கொண்டிருந்தது. சொன்னால் நான் அதைத் தொட்டதைச் சொல்ல வேண்டும். இத்தனை காலமாக நான் பேசிய பேச்செல்லாம் என்னாவது? அதைவிட, பாஸ் விஷயம். எங்கேயாவது யாராவது எழுதிவிட்டால்? கோடு பிசகவில்லைத்தானே.

"போட்டு வாறன்" என்றாள்.

"கவனமாப் போட்டு வாரும்" என்றேன்.

அவள் போனபின் சட்டிகளைக் கழுவினேன். கழுவிய சட்டிகளையே திரும்பக் கழுவினேன். விறகு கொத்தினேன். மகள் பழக் கூடையோடு வந்து, "என்னப்பா, ஆரோடயும் கோவமோ?" என்று கேட்டாள். ஐந்தரை மணியளவில் மேலேயிருந்து ஒரு வெடி கேட்டது. ஒன்றுதான். கிழவரின் மனைவி கையைத் தட்டினார். நான் கோடரியை வைத்துவிட்டு நடக்கத் தொடங்கினேன். எங்கே போகிறேன் என்று தெரியாமல் வேலிவரை போய்த் திரும்பினேன்.

மனைவி இருட்டுக்கு முன் தனியாக வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஒரு இளம் பெண்மான், கன்று இல்லாதது, அருமையாக நின்றது, நல்ல கிட்ட. சுட்டேன், அது விழவில்லை, முன்னங்காலை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் ஓடிவிட்டது என்றாள். நின்ற இடத்தில் எலும்புத் துண்டொன்றும் கொஞ்ச இரத்தமும் கிடந்தனவாம். தேடுநாய் வைத்திருக்கும் ஆளுக்கு போன் பண்ணியிருந்தாள். மானை இப்போது துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், காலமை ஏழு மணிக்கு வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார்.

ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டு டொச்சில் கேட்டாள், "என்ட துவக்கை ஆராவது தொட்டனீங்களோ?"

கிழவர் தலையை நிமிர்த்தினார். "நான் எடுத்தனான். வாங்கில கிடந்தது. கொளுக்கியில மாட்டினன். அடிபடேல்லை."

"வாங்கிலயோ? நான் கொளுக்கியிலதானே மாட்டிப்போட்டுப் படுத்தனான்."

"இல்லை. வாங்கில."

"கொளுக்கியில" என்றாள் மனைவி மறுபடியும், மெதுவாக.

கிழவர் வாசல் கொளுக்கியைத் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி அவர் கையில் தன் கையை வைத்து, "சரி, விடு" என்றார். அந்த அம்மா அவரைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, பயம் இருந்தது. நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவன். புருஷன் ஒரு சொல்லை மறந்து தடுமாறும்போது பெண்டாட்டிமார் பார்க்கும் அந்தப் பார்வையை எனக்கு நன்றாகத் தெரியும். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன்.

"நான்தான் அவசரப்பட்டிருப்பன்" என்று மனைவி முடிவாகச் சொன்னாள். "துவக்கில ஒண்டும் இல்லை. கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு. கை நடுங்கியிருக்கும்."

அந்த இரவு எங்களில் ஒருவரும் நித்திரை கொண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

காலையில் தேடுநாய்க்காரர் வந்தார். நாற்பது வயது, அதிகம் கதைக்காதவர், நீண்ட கயிற்றில் கபில நிற நாய். மனைவி அவரைச் சுட்ட இடத்துக்குக் கூட்டிப்போனாள். கிழவரும் நானும் பின்னால் போனோம், மானைத் தூக்க ஆள் வேண்டுமே. நாய் தரையில் மூக்கை வைத்தபடி ஊசியிலைக் காட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அரை மணித்தியாலத்தில் சரிவு செங்குத்தானது. கிழவருக்கு மூச்சு வாங்கியது. விழுந்து கிடந்த மரமொன்றில் இருந்துவிட்டார். நானும் அவரோடு நின்றேன். மற்ற இருவரும் மேலே மறைந்தார்கள்.

கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"இது கடைசி வருஷம்" என்றார். "வீட்டை போனதும் துவக்கைக் குடுத்திடுவன்."

"ஏன்?"

"போன மாதம் அடுப்பை அணைக்காமல் கடைக்குப் போயிட்டன். கார்த் திறப்பை ரெண்டு தரம் துலைச்சன். இப்ப இது. என்ட கண்ணாலை வாங்கில கண்டனான். அவள் கொளுக்கியில எண்டு சொல்லுறாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அப்ப எனக்குத்தானே பிசகு? நான்தான் எங்கேயோ இடிச்சுப்போட்டு மறந்துபோனனோ தெரியேல்லை. தலைக்குள்ள என்ன நடக்குதெண்டு தெரியாத ஒருத்தன் துவக்கு வைச்சிருக்கக்கூடாது."

அவர் அதை அழுதுகொண்டு சொல்லவில்லை. ஒரு மேசைக்கால் பழுது என்று சொல்வதுபோலச் சொன்னார்.  இரண்டடி கீழே போனேன், திரும்ப ஏறினேன்.

"வாங்கிலதான் இருந்தது" என்றேன்.

"என்ன?"

"துவக்கு வாங்கிலதான் இருந்தது. நான்தான் அதிலை வைச்சனான். எடுத்துப் பாத்தனான். சுவரில சாத்த, சரிஞ்சு படியில விழுந்தது."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணை மூடினார். நெஞ்சிலிருந்து ஒரு பெரிய மூச்சு போனது. "வாங்கில இருந்தது" என்று தனக்குள் சொன்னார். "இருந்ததுதான்." தொப்பியை எடுத்து முகத்தைத் துடைத்தார். அந்த நேரம் அவருக்கு என்மேல் கோபமே வரவில்லை.

"எதைப் பாத்தனி?" என்று கேட்டார்.

"மர்மொட்."

"மர்மொட்" என்றார். அவருக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்திலேயே நின்றது. தொப்பியை மாட்டிக்கொண்டு சட்டென்று எழும்பினார். குரல் மாறிவிட்டது. "அவள் இப்ப அந்தத் துவக்கோடதான் மேல நிக்கிறாள். மான் முன்னால எழும்பினால் அதாலதான் திரும்பவும் சுடுவாள். திரும்பவும் காலிலயோ வயித்திலயோ படும். ஏன் நிக்கிறாய்? ஓடு!"

நான் ஓடினேன். அதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. கையாலும் காலாலும் ஏறினேன். முட்பற்றை காற்சட்டையைக் கிழித்தது. வேலைக்குப் போடும் சப்பாத்து ஈர இலையில் வழுக்கியது, இரண்டு தரம் முழங்காலில் விழுந்தேன். கூப்பிட வாயைத் திறந்தால் காற்றுத்தான் வந்தது. மேலேயிருந்து எந்த நிமிடமும் வெடி கேட்கும் என்று காதெல்லாம் விறைத்திருந்தது. கேட்கவில்லை. ஒரு பாறைக்குப் பின்னால் அவர்கள் நின்றார்கள். நாய் எதையோ மணந்து சுழன்றுகொண்டிருந்தது. மனைவி துவக்கைத் தோளிலிருந்து கையில் எடுத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் பயந்துபோனது. கிழவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

"சுட வேண்டாம்" என்றேன் தமிழில். "உதாலை சுட வேண்டாம். நேற்று நான் அதை விழுத்திப்போட்டன்."

"என்னது?"

"நீர் படுத்திருக்கேக்கை எடுத்தனான். சும்மா பாக்க. கையை விட்டிட்டன், படியில அடிபட்டது. கோடு பிசகேல்லை. அதாலை சொல்லேல்லை. பயத்திலையும் சொல்லேல்லை."

 நாய்க்காரர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன சொல்லுறார்?" என்று கேட்டார்.

 இந்த மனிதர் யாரிடம் என்ன சொல்வார்? காட்டுக் காவலரிடமா, பொலிசிடமா? மனைவி என் முகத்தைப் பார்த்தபடியே டொச்சில் பதில் சொன்னாள்.

"துவக்கு நேற்றுக் குடிலில் கீழே விழுந்ததாம். இப்போதுதான் எனக்குத் தெரிகிறது."

 தலையை ஆட்டிவிட்டு, "அப்ப தோட்டாவைக் கழட்டு. நான் சுடுறன்" என்றார். அவள் கழற்றினாள். கை நடுங்காமல் கழற்றினாள். பிறகு எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாய்க்குப் பின்னால் போனாள்.

ஒன்றரை மணித்தியாலம் கழித்து ஒரு ஓடைக்கரையில் மானைக் கண்டார்கள். எழும்ப முயன்றது, நாய் மறித்தது, நாய்க்காரரின் ஒரே வெடியில் முடிந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மனைவி அதன் பக்கத்தில் முழங்காலில் இருந்தாள். முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டாகியிருந்தது. ஒரு இரவு முழுக்க அந்தக் காலோடு அது இந்தக் காட்டில் நடந்திருக்கிறது. அவள் ஒரு மரக்கொப்பை ஒடித்து அதன் வாயில் வைத்தாள், செத்த மிருகத்துக்குக் கடைசி மரியாதையாக இங்கத்தைய வழக்கம் அது. எனக்கும் குனிந்து தொட வேண்டும் போலிருந்தது. தொடவில்லை.

கீழே இழுத்துக்கொண்டு வந்தோம். பாதையில் காட்டுக் காவலர் காத்திருந்தார். மானைப் பார்த்தார், காலைப் பார்த்தார், என்ன நடந்தது என்று கேட்டார். விழுந்த துவக்கைச் சோதிக்காமல் கொண்டுபோனேன் என்று மனைவி சொன்னாள். யாரால் விழுந்தது என்று அவர் கேட்டார். நான் ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"என்ட துவக்கு" என்றாள் அவள் எனக்கு முந்தி. "வெளிக்கிட முன்னம் பாக்கவேண்டியது என்ட பொறுப்பு."

காவலர் எழுதினார். என்னையும் ஒருமுறை பார்த்தார். அதோடு விட்டுவிட்டார்.

குடிலில் எல்லோருக்கும் முன்னால் நான் திரும்பவும் சொன்னேன். கிழவரின் மனைவிக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அம்மா எழும்பிப்போய் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதார். கிழவர் இப்போதுதான் கோபித்தார். "அவளை அதோட போகவிட்டாய். என்னையும் ஒரு இரவு தலை பிசகின விசரனாக்கி வைச்சாய்" என்று மேசையில் தட்டினார். மகள், "நீங்களோ அப்பா? நீங்களோ எடுத்தனீங்கள்?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அதை நம்பவே முடியவில்லை.

மனைவி அன்றே சாமான்களைக் கட்டினாள், வீட்டுக்கு இறங்கினோம். அடுத்த மூன்று நாளும் சாப்பாடு, மகளின் பள்ளிக்கூடம், குப்பை, இவ்வளவுதான் பேச்சு. நான்காம் நாள், துவக்கைச் சூட்டுத் திடலுக்குக் கொண்டுபோய் வந்து, துளை விழுந்த காகித அட்டையை என் முன்னால் வைத்தாள். நடுப்புள்ளியிலிருந்து ஒரு சாண் கீழே, கொஞ்சம் இடப்பக்கமாக மூன்று துளைகள் நெருங்கிக் கிடந்தன. ஆணிகள் அசையவில்லை. உள்ளே கண்ணாடிதான் விலகியிருந்தது.

"பாருங்கோ" என்றாள். "மூண்டும் ஒரே இடத்தில. என்ட கை நடுங்கேல்லை."

"ஓம்."

"நீங்கள் அதைத் தொட்டது எனக்குப் பெரிசில்லை. பாஸ் பயமும் எனக்கு விளங்குது. ஆனா நான் அதைத் தோளில போட்டுக்கொண்டு வெளிக்கிடேக்கை நீங்கள் தேத்தண்ணி ஊத்தித் தந்தனீங்கள். கவனமாப் போட்டு வாரும் எண்டும் சொன்னனீங்கள். அதை என்னாலை விழுங்க முடியேல்லை."

  அட்டையை மடித்துக் குப்பைக் கடதாசிகளோடு போட்டாள்.

அடுத்த வசந்தத்தில் பாஸுக்கான நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நகரசபை அறையில் ஐந்து பேர். போகுமுன் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக மனைவியிடம் சொன்னேன். "கேட்டால் சொல்லுங்கோ. கேளாததுக்கு ஏன் சொல்லுறியள்?" என்றாள். இந்த நாட்டு ஆறுகளின் பெயர்களைக் கேட்டார்கள், வாக்களிப்பைக் கேட்டார்கள், குப்பை பிரிப்பதைக் கேட்டார்கள். ஒருவர், "மனைவி வேட்டையாடுகிறாராமே, நீங்களும் போவீர்களா?" என்றார். "நான் சமைக்கிறேன்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முதுகு நனைந்துவிட்டது. சில மாதத்தில் கடிதம் வந்தது. பாஸ் கிடைத்துவிட்டது. 

கிழவர் தன் துவக்கைக் கொடுக்கவில்லை. டொக்டரிடம் போய்த் தலையைச் சோதித்தார். வயசுக்கு ஏற்ற மறதிதான் என்று சொன்னார்களாம். அந்தச் செப்டம்பரிலும் குடிலுக்கு வந்தார். என்னோடு முன்போலவே கதைத்தார், கறி உறைப்பில்லை என்றார்.

இரண்டாம் நாள் மத்தியானம் மனைவி என்னைக் கேட்டாள், "என்னோட வந்து இருப்பீங்களோ? கதைக்கக்கூடாது. அசையக்கூடாது."

போனேன். ஒரு பாறையின் அடியில், பலகைத் துண்டொன்றில், அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். சும்மா இருக்கத் தெரியாத என் உடம்பு முதல் மணித்தியாலம் படாத பாடு பட்டது. கால் விறைத்தது, மூக்கு அரித்தது. ஒவ்வொரு தரமும் நான் அசையும்போது அவள் என் முழங்காலில் இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். பின்னேரம் கீழ்ப் புல்வெளிக்கு ஒரு பெண்மான் வந்தது, பின்னால் கன்று. கன்றோடு நிற்கும் தாயைச் சுடக்கூடாது. நெடுநேரம் மேய்ந்துவிட்டு இரண்டும் காட்டுக்குள் போயின. வெளிச்சம் மங்கியதும் அவள் தோட்டாக்களைக் கழற்றி எண்ணிப் பையில் போட்டாள்.

"கால் விறைச்சுப்போச்சோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"நாளைக்கும் வாங்கோ" என்றாள். நான் பாறையைப் பிடித்துக்கொண்டு எழும்பினேன்.